நார்மல் ஒன்று

பிரம்மநாயகிக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது என்பதை அவள் கணவர் கணேஷ்ராம் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். தட்டைக் கையில் ஏந்தி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே நாலு தோசையை முடித்துவிடுவாள். இப்போது வயது நாற்பத்தாறு; ஓட்டம் குறையவில்லை. தாலுகா அலுவலகத்து நாற்காலியில் ஊறிப்போன கணேஷ்ராம், "பைய போளா. ஆத்துத் தண்ணி எங்கயும் ஓடிறாது" என்பார். "ஓடத்தான செய்யுது" என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்கூட்டரைக் கிளப்பியிருப்பாள்.

அந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அவளாக வாய் திறந்து சொல்ல மாட்டாள் என்பதால் இங்கேயே சொல்லிவிடலாம். அவளுடைய அப்பா ஐம்பத்தொன்றாவது வயதில், வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்காக நின்றவர், நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து இறந்தார். அண்ணன் சிவசண்முகம் சாத்தான்குளத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு நாற்பத்து நாலில் அடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தாயிற்று. அன்றிலிருந்து பிரம்மநாயகி வயதுகளை மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். நாற்பத்து நாலைத் தாண்டியாகிவிட்டது. அடுத்து ஐம்பத்தொன்று.

வேடிக்கை என்னவென்றால் அவள் பிழைப்பே இந்த அடைப்பைச் சுற்றித்தான். பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு மருத்துவ ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். ரத்தக்குழாயில் அடைப்பு எப்படித் தொடங்குகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. அதற்கு உயிருள்ள ரத்தக்குழாய் வேண்டும். உயிரோடிருக்கிற மனுஷனிடம் போய், உன் ரத்தக்குழாயைக் கொஞ்சம் அறுத்துக் கொடு என்று கேட்க முடியுமா? அதனால் பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடியைக் கேட்டு வாங்குவார்கள். வாரத்துக்கு மூன்று காலைகள், ஐஸ் பெட்டியோடு பிரசவ வார்டுக்குப் போய்க் கேட்டு வாங்குகிற ஆள் பிரம்மநாயகி.

கேட்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. பிள்ளை பெற்றவள் தலையாட்டினாலும் மாமியார் மறிப்பாள்.

"கொடியக் குடுத்தா தாயத்துக்கு நாங்க எங்க போக?"

"பிள்ள வயித்துல ஒட்டியிருக்கது ஒங்களுக்குத்தாம்மா. காஞ்சு விழுந்ததும் தாயத்துல போட்டுக்கிடுங்க. குப்பைக்குப் போற மிச்சத்தத்தான் கேக்குதேன்."

"அத வச்சு நீ என்ன செய்வ?"

பிரம்மநாயகி கட்டிலோரம் குனிந்து சொல்வாள். "ரத்தக் கொழாய்க்கு உள்ள வழவழன்னு ஒரு தோலு உண்டு. அது நல்லா இருக்க மட்டும் ரத்தத்துல போற எதுவும் அதுல ஒட்டாது. ஒடம்புல எங்கயோ புண்ணு இருக்குன்னு ரத்தத்துல ஒரு சேதி வந்துட்டுன்னு வைங்க, அந்தத் தோலு கொக்கி கொக்கியா நீட்டும். சும்மா போற வெள்ளையணு அதுல மாட்டி, சுவத்துக்குள்ள பூந்து, கொழுப்பத் தின்னுட்டு அங்கனயே கெடக்கும். அடைப்பு அங்கனதான் தொடங்குது. நெஞ்சு வலிக்கதுக்கு அதுக்குப் பொறவு இருவது முப்பது வருஷம் ஆகும். அந்தத் தோலத்தான் கொடியில இருந்து எடுத்து வளக்கோம்."

மாமியார்கள் பெரும்பாலும் 'முப்பது வருஷம்' என்ற இடத்தில் மருமகள் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு கையெழுத்துக்குச் சரி என்பார்கள்.

ஆய்வகத்தில் நடப்பது இதுதான். கொடியின் ரத்தக்குழாயைக் கழுவி, உட்தோலின் செல்களைப் பிரித்து, தட்டில் வளர்ப்பார்கள். தட்டு நிறைந்ததும் ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை அதில் விட்டு ஒரு ராத்திரி வைப்பார்கள். மறுநாள் பச்சைச் சாயம் ஏற்றிய வெள்ளையணுக்களைப் போட்டு அலசிக் கொட்டிவிட்டு, ஒட்டிக்கொண்டு நின்றது எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். நல்ல ஆளின் சீரம் என்றால் ஒரு பார்வைக்கு ஆறோ ஏழோ ஒட்டும். இருதயக் கோளாறு உள்ளவரின் சீரம் என்றால் ஐம்பது அறுபது பச்சைப் புள்ளிகள்.

ஒவ்வொரு சோதனையிலும் அளவுகோலாக நோயில்லாத ஒரே ஆளுடைய சீரத்தை வைக்க வேண்டும் என்பது பேராசிரியர் விஸ்வேஸ்வரனின் வழக்கம். அந்த ஆள் பிரம்மநாயகி. குப்பியில் பேர் எழுதக் கூடாது என்பதால் 'நார்மல் ஒன்று' என்று எழுதுவார்கள். எழுதுகிறவளும் அவளே. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஒல்லி உடம்பு, நாலு மணிக்குமேல் காப்பிகூடக் கிடையாது. போதாததற்குப் பரம்பரைச் சைவம். "கறிமீன் வாசனையே அறியாத உடம்பு. இதைவிடச் சுத்தமான அளவுகோல் எங்கே கிடைக்கும்?" என்று பேராசிரியர் விருந்தாளிகளிடம் அவளைக் காட்டிச் சொல்வதுண்டு. அவள் வெட்கப்படுவது போல் முகத்தை வைத்துக்கொள்வாள், உள்ளே குளிர்ந்துபோகும். அப்பாவையும் அண்ணனையும் பிடித்தது தன்னைப் பிடிக்காது என்று சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்ததைப் போல 'நார்மல் ஒன்று' என்ற அந்த இரண்டு சொல்லை அவள் நம்பினாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பிடிப்பார். "ஏளா, ஒரு தடவ ரத்தத்தக் குடுத்துப் பாத்துருளா. நம்ம வம்சம் அப்பிடி."

"ஒங்களுக்கு என்ன தெரியும்? எனக்கு மாசம் ரெண்டு தடவ சோதனை நடக்குது. ஏழத் தாண்டுனதே இல்ல."

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த ஏழு, ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஏழு. 2019-இல் மொத்தமாக ரத்தம் எடுத்து, சீரத்தை எண்பது சிறு குப்பிகளில் அடைத்து உறைபெட்டியில் வைத்தார்கள். நடுவில் கொரோனா வந்து ஆய்வகம் பூட்டிக் கிடந்ததில் அந்த எண்பது நெடுநாள் தாங்கிவிட்டது. அவள் காட்டித் திரிந்த சான்றிதழ் பழசு என்பது அவளுக்கே உறைக்கவில்லை.

இந்த வருஷம் பங்குனியில் இருப்பு ஏறக்குறையத் தீர்ந்தது. அவசரத்துக்கென்று அடித்தட்டில் ஐந்து பழைய குப்பிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, அவளிடம் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். அப்போது சோதனை நடத்திக்கொண்டிருந்தவள் ஃபர்ஹத் ஒருத்திதான்; புதுக் குப்பியைப் பயன்படுத்தியவளும் அவள்தான்.

ஃபர்ஹத் மேலப்பாளையத்துப் பெண். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நாலாவது வருஷம். இரண்டு பஸ் மாறி எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவாள். அதிகம் பேச மாட்டாள். அவள் கை பேசும். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லியைக்கூடச் சிந்தாமல் எடுத்து வைக்கிற கை. "இந்தக் கையக் காப்பாத்தி வச்சுக்கோட்டி" என்று பிரம்மநாயகியே நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கை வைத்த தட்டில் 'நார்மல் ஒன்று' நாற்பத்தொன்று காட்டியது.

ஃபர்ஹத் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் எண்ணினாள். தண்ணீரை மாற்றினாள், தட்டை மாற்றினாள், வேறு கொடியிலிருந்து செல் எடுத்தாள். சித்திரையில் நாற்பத்தொன்று, வைகாசியில் முப்பத்தெட்டு, ஆனி பிறந்ததும் நாற்பத்தைந்து. அளவுகோலே கோணிப்போனால் அதை வைத்து அளந்த நோயாளிக் கணக்கெல்லாம் என்ன ஆகும்? பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, "கை சுத்தமா இல்லம்மா. எங்கேயோ தொட்டுக் கெடுக்கறே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கதவு திறந்திருந்தது, எல்லார் காதிலும் விழுந்தது.

குப்பிக்குள் இருப்பதில் கோளாறு இருக்கலாம் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரம்மநாயகி அல்லவா, சைவம் அல்லவா! ஃபர்ஹத்துக்கும் தோன்றவில்லை என்பதுதான் கொடுமை.

"ஒங்க ரத்தம் இப்பிடிக் காட்டுமாக்கா? நான்தான் எங்கனயோ தப்பு பண்ணுதேன்" என்றாள்.

பிரம்மநாயகிக்கு மட்டும் தோன்றிவிட்டது. வாயைத் திறந்து, "என் ரத்தத்தையும் ஒரு தடவ பாப்போம்ட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்னால் பார்ப்பார்கள், பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்த சோதனைக்கு உறைபெட்டியிலிருந்து குப்பி எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஆனி பதினாலாம் தேதி காலை, அடித்தட்டிலிருந்த ஐந்து பழைய குப்பிகளில் ஒன்றை எடுத்தாள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பழைய தேதியைத் துடைத்தாள். இந்த வருஷத்துத் தேதியை எழுதினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் செய்த முதல் திருட்டு; கை நடுங்கவே இல்லை.

மறுநாள் ஃபர்ஹத் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஏழுக்கா! ஏழு!"

பிரம்மநாயகி சிரித்தாள். சிரித்த வாயோடு கழிவறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். பழைய ரத்தம் ஏழு என்றால், புது ரத்தம் நாற்பது என்பது உண்மை. மற்றவர்களிடம் மறைக்கப் போய் அவளே தெரிந்துகொண்டுவிட்டாள். கொக்கி நீட்டிய தோல் அவளுக்குள்ளேயே இருந்தது, அப்பாவுக்கு இருந்த மாதிரி.

பேராசிரியர் அந்த ஏழைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அவள் எதிர்பார்க்கவில்லை. "அப்போ குப்பி சரியா இருக்கு. முதல் மூணு தடவையும் உன் கைதான் தப்பு. இந்த மூணு மாசத்து நோயாளிக் கணக்கை எதையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் திரும்பப் பண்ணு." ஆவணியில் பெங்களூர்க் கருத்தரங்கில் பேசுவதற்கு ஃபர்ஹத் பெயரைக் கொடுத்திருந்தார். அதையும் எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பிரம்மநாயகிக்கு ஓரிடத்திலும் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் அலமாரியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். ஆனித் தேர் ஓட்டத்துக்குக் கணேஷ்ராமோடு டவுனுக்குப் போனவள், ரதவீதிக் கூட்டத்தில் நெஞ்சு படபடத்து, தேர் நிலையிலிருந்து நகர்வதற்குள் ஆளை விட்டால் போதும் என்று திரும்பிவிட்டாள். வழியெல்லாம் கழுத்து நரம்பில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

"என்னளா செய்யுது?" என்றார் கணேஷ்ராம்.

"ஒன்னுஞ் செய்யல. வெயிலு."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. கணேஷ்ராம் வானத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு கேட்காமல் நடந்தார். கேட்காத கணவன் ஒரு வகையில் வரம். அன்றைக்கு அவளுக்கு அது சாபமாக இருந்தது.

கடைசியில் யாருக்கும் தெரியாமல் வண்ணார்பேட்டையில் ஒரு சோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை சரி. கொழுப்பு சரி. இருதய வரைபடம் சரி. ஒரே ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஏறுகிற சி.ஆர்.பி. என்ற அளவு, மூன்றுக்குள் இருக்க வேண்டியது, ஒன்பதில் நின்றது. பத்து நாள் விட்டு மறுபடி கொடுத்தாள். எட்டரை.

அவள் தேடிப் போன டாக்டர் தேன்மொழி அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இவளைவிடப் பத்து வயது இளையவள். வளவளவென்று பேசாத டாக்டர்.

"காய்ச்சல் உண்டா? மூட்டு வலி? வயித்துக் கோளாறு?"

"ஒன்னும் இல்ல டாக்டர். நாங்க சைவம். வெளிய ஒரு வடை வாங்கித் திங்க மாட்டேன்."

"எங்கயாவது ரத்தம் போகுதா?"

"இல்ல."

"பல்லு தேய்க்கும்போது?"

"அது சூட்டுக்கு வருததுதான். வாரம் ரெண்டு நாள் எண்ணெய் தேச்சுக் குளிக்கேன், மோரு குடிக்கேன்."

"எத்தன வருஷமா வருது?"

பிரம்மநாயகி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கே குரல் இறங்கிற்று. "நாலஞ்சு வருஷம் இருக்கும்."

தேன்மொழி விளக்கை எடுத்து, "வாயத் திறங்க" என்றாள். கீழ் ஈறை ஒரு தடவை அழுத்தினாள். பிரம்மநாயகி துள்ளிவிட்டாள். அழுத்திய பஞ்சைத் தேன்மொழி அவள் கண்முன் பிடித்தாள். ரத்தமும் சீழும். கடைவாய்ப் பற்கள் மூன்று ஆடின. அவற்றை அவள் நாக்காலேயே தள்ளித் தள்ளிப் பழகியிருந்தாள்; எதையும் நின்று பார்க்க அவளுக்கு ஏது நேரம்?

"வாய்க்குள்ள என்ன போகுதுன்னு இத்தன வருஷமா பாத்திருக்கீங்க. வாய் எப்பிடி இருக்குன்னு பாக்கல" என்றாள் தேன்மொழி. "ஈறு முச்சூடும் அழற்சி. அதுல இருந்து ராப்பகலா ரத்தத்துல சேதி போய்க்கிட்டு இருக்கு. ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், ஒங்க வேலையே அதுதான். கழுத்து ரத்தக்குழாய ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்திருவோம்."

ஸ்கேனில் அடைப்பு இல்லை. சுவர் மட்டும் ஓரிடத்தில் கொஞ்சம் தடித்திருந்தது.

"தொடக்கம்" என்றாள் தேன்மொழி. "பல்லுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். குடும்ப வழியும் உண்டு. ஆனா அணைக்கக்கூடிய நெருப்பு இப்ப இது ஒன்னுதான். மொதல்ல பல் டாக்டரப் பாருங்க. நீங்க சீக்கிரமாத்தான் வந்திருக்கீங்கம்மா, பயப்படாதீங்க."

பயம் பாதி குறைந்தது என்னவோ உண்மை. ஐம்பத்தொன்றைப் பற்றிய பயம் அது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. தனக்குப் பிழைக்க வழி உண்டு என்று தெரிந்த பிறகு, ஃபர்ஹத்தை நடுத்தெருவில் நிறுத்தியிருப்பது அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அடித்தட்டில் பழைய குப்பி நாலிலிருந்து மூன்றாகி, ஆடி பிறந்ததும் ஒன்றாகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தேதியைத் துடைத்து எழுதினாள். ஒவ்வொரு தடவையும் ஏழு வந்தது. ஒவ்வொரு ஏழும் ஃபர்ஹத்தின் முந்தைய மூன்று மாதத்தைப் பொய்யாக்கியது. பல் டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டு இரண்டு தடவை போகாமல் இருந்தாள். ஈறு ஆறிவிட்டால் ரத்தமும் சரியாகிவிடும், பிறகு புதுசாக எடுத்து வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று ஒரு நாள் நினைப்பாள். மறுநாள் அந்த நினைப்புக்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருக்கும்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை மதியம். சாப்பாட்டு அறையில் ஃபர்ஹத் டிபன் பாக்ஸைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக எள்ளுத் துவையலில் பங்கு கேட்பவள், பிரம்மநாயகி வந்து நின்றதையே கவனிக்கவில்லை.

"என்னட்டி அப்பிடிப் பாக்க? சினிமாவா?"

ஃபர்ஹத் போனைத் திருப்பிக் காட்டினாள். திரையில் இரண்டு கைகள். வெள்ளைக் கையுறை போட்ட கைகள், குழாயை எடுப்பதும், குப்பியைத் திறப்பதும், தட்டில் விடுவதும். ஃபர்ஹத்தின் கைகள்தான். வேலை செய்கிற பெட்டியின் கண்ணாடியில் போனை ஒட்டி வைத்து அவளே எடுத்திருக்கிறாள்.

"வைகாசி மாசத்துல இருந்து எடுக்கேங்க்கா. பதினேழு இருக்கு. தப்பா வந்தப்ப நான் என்ன செஞ்சேன், இப்ப என்ன செய்யுதேன்னு தெரியணும்லா. ராத்திரி பாக்கேன், பஸ்ல பாக்கேன். ஒன்னும் அம்புட மாட்டேங்குது." அவள் குரலில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "இந்த எடத்துல பாருங்க. கட்ட விரலு லேசா நடுங்குதாக்கா? நீங்க சொல்லுங்க. ஒங்க கண்ணுக்குத் தெரியும்."

பிரம்மநாயகி பார்த்தாள். விரல் நடுங்கவில்லை. பாறையில் வைத்த மாதிரி நின்றது.

"நீ சாப்பிடு" என்றாள். நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். அன்றைக்கு ஓடவில்லை, நடந்து போனாள்.

"சார், ஆனி பதினாலுல இருந்து நான் எடுத்துக் குடுத்த குப்பி ஒன்னும் இந்த வருஷத்துது இல்ல. எல்லாம் அடித்தட்டுப் பழசு. தேதிய நான்தான் அழிச்சு எழுதுனேன். இந்த வருஷத்து ரத்தந்தான் நாப்பது காட்டுச்சு. அந்தப் பிள்ள சரியாத்தான் செஞ்சிருக்கு."

விஸ்வேஸ்வரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபக்காரர் இல்லை. அதனால் அவர் கோபத்தை எப்படித் தாங்குவது என்று அங்கே யாருக்கும் பழக்கம் இல்லை.

"ஏன்?"

"பயம் சார்."

"சோதனை தப்பாப் போகலாம். உங்க ரத்தமும் மாறலாம், யார் ரத்தமும் மாறும். உங்களை ஒரு தடவை பரிசோதிக்காம அஞ்சு வருஷம் அளவுகோலா வெச்சேனே, அது என் மடத்தனம். ஆனா மறைச்சது?" அவர் ஜன்னலைப் பார்த்தார். "பத்தொம்பது வருஷம், நாயகி அம்மா." அதற்குமேல் அவர் திட்டவில்லை. உறைபெட்டிச் சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். பெங்களூருக்கு அவரே போன் செய்து பார்த்தார். அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

பிறகு ஃபர்ஹத்தைக் கூப்பிட்டார். பிரம்மநாயகி வெளியே நடைவழியில் நின்றாள். உள்ளே பேசியது கேட்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்யலாமா, கணேஷ்ராமுக்குச் செய்யலாமா என்று போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். கதவு திறந்தது. ஃபர்ஹத் அவளைத் தாண்டிப் போனாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒன்பது நாள் ஃபர்ஹத் அவளிடம் பேசவில்லை. பிரம்மநாயகி வார்டுக்குப் போனாள், கொடி வாங்கி வந்தாள், மேஜைமேல் வைத்தாள், ஃபர்ஹத் எடுத்துக்கொண்டாள். டிபன் பாக்ஸில் எள்ளுத் துவையல் ஒருவரும் தொடாமல் வீட்டுக்குத் திரும்பிற்று. கணேஷ்ராமிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர், "மறுபடி நாள் வாங்கு. பல் டாக்டர்ட்ட நானும் வாரேன். நீ இந்தத் தடவயும் ஓடிறக் கூடாது" என்றார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "பாத்துட்டேண்ணே. எனக்கும் தொடக்கம் இருக்கு" என்றாள்.

பல் வைத்தியம் தொடங்குமுன் ஒரு தடவை ரத்தம் எடுத்து வைக்க வேண்டும் என்றார் விஸ்வேஸ்வரன். இப்போது ஒரு தடவை, ஈறு ஆறிய பிறகு ஒரு தடவை; இடையில் கொக்கிகள் குறைகின்றனவா என்று பார்க்கலாம். அது ஃபர்ஹத்தின் ஆய்வில் ஒரு புதுப் பகுதியாகச் சேரும். நல்ல யோசனைதான், ஆனால் எடுக்க ஆள் வேண்டுமே. குறித்த நாளில் வழக்கமான நர்ஸ் விடுப்பு; அவளை விட்டால் ரத்தம் எடுக்கப் பழகியவள் அங்கே ஃபர்ஹத் மட்டும்தான்.

பிரம்மநாயகி ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை எழுந்து ஜன்னல்வரை போய்விட்டு வந்து உட்கார்ந்தாள். ஃபர்ஹத் தட்டோடு உள்ளே வந்தாள். எதிர் முக்காலியில் உட்கார்ந்து கையுறை போட்டுக்கொண்டாள்.

"கைய நீட்டுங்க."

ஒன்பது நாளில் முதல் பேச்சு. பிரம்மநாயகி நீட்டினாள். ஃபர்ஹத் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் விரலால் தடவி நரம்பைத் தேடினாள். ஒல்லிக் கையில் நரம்பு நழுவும். வழக்கமான நர்ஸுக்கே இரண்டு குத்து வேண்டும்.

"மூணு மாசமா பஸ்ல வரும்போதெல்லாம் இந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு வருவேன்" என்றாள் ஃபர்ஹத், தலை நிமிராமல். "எங்க உம்மா கேட்டுட்டாங்க, கையில என்னட்டின்னு. ஒன்னுமில்லன்னு சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்ல."

பிரம்மநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னிப்பு என்ற சொல்லை அவள் ஒன்பது நாளாக வாய்க்குள் வைத்திருந்தாள். அது இப்போது வெளியே வரவில்லை.

ஊசி இறங்கியது. ஒரே குத்து. வலித்ததே தெரியவில்லை. குழாயில் ரத்தம் தடையில்லாமல் ஏறிற்று. ஃபர்ஹத் அது நிறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஊசியை உருவினாள்.

"என் கைக்கு ஒன்னுமில்லக்கா" என்றாள்.

"தெரியும்" என்றாள் பிரம்மநாயகி. "அன்னைக்கே தெரியும்."

ஃபர்ஹத் அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே பஞ்சை வைத்து அழுத்தினாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.